வலக்கையின் நான்கு விரல்கள்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவி எழுதியது)

கிட்டார் வாசிப்பவரைப் பார்க்கும்போது நம் கண்கள் பெரும்பாலும் அவருடைய இடக்கையின் மீதே செல்கின்றன. விரல்கள் மேலும் கீழும் தாவுவதும், கம்பிகளை அழுத்துவதும், நொடிக்கொரு வடிவம் எடுப்பதும் கவர்ச்சியான காட்சிதான். ஆனால் ஒலியை எழுப்புவது வலக்கை. எந்தச் சுரம் என்பதை இடக்கை தீர்மானிக்கிறது. அந்தச் சுரம் பிறப்பதும், மெலிவதும், கரகரப்பதும், இனிப்பதும் வலக்கை விரல் நுனியில்தான். ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதிக் கொடு என்று தோழியர் கேட்டபோது, இரண்டு ஆண்டுகளாக என் வலக்கையோடு நான் நடத்திவரும் வழக்கைப் பற்றியே எழுதுவதென்று முடிவு செய்தேன். இயற்பியல் துறைக்காரிக்கு இசையில் என்ன வேலை என்று யாரும் கேட்க வேண்டாம். இதில் இயற்பியல் உண்டு, விலங்கியல் கொஞ்சம் உண்டு, பீடியும் உண்டு.

1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் ‘இளைய நிலா’ என்ற பாடலைக் கேட்காதவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது. அந்தப் பாடலின் தொடக்கத்தில் கிட்டார் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக, சரம் சரமாக ஒலிக்கின்றனவே, அதற்குத்தான் ஆர்பெஜியோ என்று பெயர். மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து அடித்தால் அது கார்டு. அதே சுரங்களைப் பிரித்து, பூவைப் பிரித்துக் கட்டுவது போல ஒவ்வொன்றாகத் தொடுத்தால் அது ஆர்பெஜியோ. இந்த இத்தாலியச் சொல் ‘ஹார்ப்’ என்னும் நரம்புக் கருவியின் பெயரிலிருந்து வந்தது. நம் யாழும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் வாசிக்கும் கைத்தொழில் எட்டு வகையாகக் கூறப்பட்டுள்ளது என்று தமிழ் வகுப்பில் கேட்ட நாளில், நான் பெஞ்சின் மீது விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். விரல்களுக்குத் தனித்தனியே வேலை பிரித்துக் கொடுக்கும் கலை நமக்குப் புதியதன்று என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கட்டட வேலை. அம்மா பீடி சுற்றுகிறாள். திருநெல்வேலிச் சீமையில் இது சொல்லித் தெரிய வேண்டிய செய்தியன்று. தெருவுக்குத் தெரு திண்ணைகளில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் கிட்டார் எப்படி நுழைந்தது? எங்கள் ஊர்க் கோயில் பாடகர் குழுவில் நைலான் கம்பிகள் கட்டிய பழைய கிட்டார் ஒன்று யாரும் தொடாமல் கிடந்தது. குழுவை நடத்துபவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நாங்கள் அவரை ‘சார்’ என்றே அழைப்போம். மேலை நாட்டு இசைக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர். பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடிக்கொண்டிருந்த என்னிடம், “உனக்குத் தாளம் நிக்குதும்மா, இதை எடுத்துட்டுப் போய்ப் பழகு” என்று அவர்தாம் கொடுத்தார். ஞாயிறு மாலைகளில் பாடம். காசு வாங்கமாட்டார்.

இந்த முறையில் வலக்கை விரல்களுக்கு எசுப்பானிய மொழிப் பெயர்களின் முதலெழுத்துகளே அடையாளம். கட்டைவிரல் புல்கார், சுட்டுவிரல் இந்திசே, நடுவிரல் மெதியோ, மோதிரவிரல் அனுலார். நான் என் நோட்டில் தமிழிலேயே ப, இ, ம, அ என்று எழுதிக்கொண்டேன். மேலே உள்ள தடித்த மூன்று கம்பிகளும் ‘ப’வின் ஆட்சியில், மூன்றாம் கம்பி ‘இ’க்கு, இரண்டாவது ‘ம’வுக்கு, எல்லாவற்றிலும் மெல்லிய முதல் கம்பி ‘அ’வுக்கு. சுண்டுவிரலுக்கு வேலையில்லை. ஆனால் வேலையில்லாதவர்தாம் சில நேரங்களில் வீட்டில் அதிகம் தொந்தரவு கொடுப்பார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ப-இ-ம-அ என்று மெதுவாக வாசிப்பது ஒரு வாரத்தில் யாருக்கும் வந்துவிடும். வேகம் கூட்டும்போதுதான் சிக்கல். மூன்று விரல்களும் ஒருவாறு சொன்னபடி கேட்கும். மோதிரவிரல் மட்டும் தாமதமாக வரும், அல்லது நடுவிரலோடு ஒட்டிக்கொண்டு வரும், அல்லது ஓசையே இல்லாமல் கம்பியைத் தடவிவிட்டுப் போகும்.

இது ஏன் என்று அறிய விரும்பும் நண்பர்கள் இந்த மலரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை மேசை மீது வைத்துப் பாருங்கள். நடுவிரலை உள்ளங்கைக்கு அடியில் மடக்கி, மற்ற விரல்களை நீட்டி, நுனிகள் மேசையைத் தொடும்படி வையுங்கள். இப்போது கட்டைவிரலைத் தூக்குங்கள், எழும். சுட்டுவிரலும் எழும். சுண்டுவிரலும் ஒருவாறு எழும். மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள்! பசை தடவி ஒட்டியது போல் அது அசையாது. புறங்கையில் விரல்களை நீட்டும் தசைநாண்கள் ஒன்றோடொன்று குறுக்கு இழைகளால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. நடுவிரல் மடங்கி நிற்கும்போது அந்தப் பிணைப்பு மோதிரவிரலையும் கீழே பிடித்து வைத்துக்கொள்கிறது. சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தனித் தசை ஒவ்வொன்று கூடுதலாக உண்டு. மோதிரவிரலுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே அதன் தாமதம் சோம்பலால் வருவதன்று, அமைப்பினால் வருவது. பயிற்சியினால் இந்த இழைகளை அறுக்க முடியாது. அறுக்காமலே வேலை வாங்கும் வழியைத்தான் தேட வேண்டும்.

அந்த வழியைத் தேடியவர்களில் மவுரோ ஜூலியானி என்பவர் எனக்கு மிகவும் பிடித்தவர். 1781-இல் இத்தாலியில் பிறந்து, 1806-இல் வியன்னா நகருக்குப் போய்ப் பெயர் பெற்றவர். 1812-இல் வெளிவந்த அவருடைய முதல் எண் நூலில் வலக்கைக்கென்றே 120 பயிற்சிகள் உள்ளன. நூற்றிருபதுக்கும் சேர்த்து இடக்கை பிடிக்க வேண்டியவை இரண்டே கார்டுகள்: சி மேஜர், ஜி ஏழு. அவ்வளவுதான். முதலில் இது எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. பிறகுதான் அதன் நுட்பம் புரிந்தது. ஆய்வகத்தில் ஒன்றை அளக்க வேண்டுமானால் மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்கிறோம் அல்லவா? வெப்பநிலையை நிலையாக வைத்து அழுத்தத்தை மாற்றுகிறோம். ஜூலியானி இடக்கையை நிலையாக வைத்துவிட்டு வலக்கையை மட்டும் மாற்றுகிறார். ப-இ-ம-அ, ப-அ-ம-இ, ப-இ-ம-அ-ம-இ, கட்டைவிரல் இரண்டு முறை, சுட்டுவிரல் இடையில் என்று ஒரு வடிவம் போல் மற்றொன்று இல்லை. சார் வைத்திருந்த நூலின் ஒளிநகலில் ஓரங்கள் அனைத்தும் உதிர்ந்துபோயிருந்தன. அதை நான் கையாலேயே நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதில் கிடைத்த பயன் வாசித்ததில் கிடைத்ததற்குக் குறைந்ததன்று.

இந்தப் பயிற்சிகளை வெறுமனே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டு வாசிப்பது எனக்குச் சலிப்பைத் தந்தது. நம் ஊர்க் கொடை விழாக்களில் தவில் கேட்டு வளர்ந்தவள் நான். நான்கு சுரம் கொண்ட வடிவத்துக்குத் ‘தகதிமி’ என்றும், மூன்று சுர வடிவத்துக்குத் ‘தகிட’ என்றும், ப-இ-ம-அ-ம-இ என்ற ஆறு சுர வடிவத்துக்குத் ‘தகிட தகிட’ என்றும் வாயால் சொல்லிக்கொண்டே வாசிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு விரலுக்கும் ஓர் எழுத்து சொந்தமாகிவிட்டது. அதன்பின் அழுத்தத்தை இடம் மாற்றிப் பார்ப்பேன். முதல் சுற்றில் ‘த’ ஓங்கி ஒலிக்கும், அடுத்த சுற்றில் ‘க’, அதற்கடுத்து ‘தி’, கடைசியில் ‘மி’. மோதிரவிரலுக்குரிய ‘மி’யில் அழுத்தம் வைக்கும் சுற்றுதான் மிகக் கடினம், மிகப் பயனுள்ளதும் அதுவே. பொதுவாக மற்ற விரல்களின் நிழலில் ஒளிந்துகொள்ளும் விரல், அந்தச் சுற்றில் மட்டும் முன்னே வந்து தன் பெயரைச் சொல்லியாக வேண்டும். மேலை நாட்டு ஆசிரியர்களும் இந்த அழுத்த மாற்றத்தைச் சொல்கிறார்கள்; அவர்களிடம் ‘தகதிமி’ இல்லை என்பதுதான் வேறுபாடு.

வலக்கைப் பயிற்சியில் முன்கூட்டியே விரலை வைப்பது என்று ஒன்று உண்டு. ப-இ-ம-அ என்ற ஏறு வரிசையில், கட்டைவிரல் மீட்டும் அதே நொடியில் இ, ம, அ மூன்றும் தத்தம் கம்பிகளின் மீது போய் அமர்ந்துவிட வேண்டும். பிறகு அவை ஒவ்வொன்றாக மீட்டி எழும். ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவர்கள் கோட்டின் மீது காலை வைத்துக் காத்திருப்பது போல. இதனால் விரல் வானத்திலிருந்து விழுந்து கம்பியைத் தேடும் வேலை இல்லை. ப-அ-ம-இ என்ற இறங்கு வரிசையிலோ, மூன்றையும் ஒன்றாக வைக்கக்கூடாது. ‘ப’ மீட்டும்போது ‘அ’ மட்டும், ‘அ’ மீட்டும்போது ‘ம’ மட்டும் என்று ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். வாசிக்கும் விரலும் அமரும் விரலும் ஒரே கணத்தில் அசைய வேண்டும்.

ஆனால் இயற்பியல் மாணவிக்கு இங்கே ஒரு கேள்வி எழும். அதிர்ந்துகொண்டிருக்கும் கம்பியின் மீது விரலை வைத்தால் அதிர்வு நின்றுவிடாதா? நிற்கத்தான் செய்யும். முன்கூட்டி அமர்த்தினால் துல்லியம் கிடைக்கும். முந்தைய சுரத்தின் நீட்சி போய்விடும். நிமிடத்துக்கு 60 தட்டு, தட்டுக்கு நான்கு சுரம் என்று வாசித்தால் ஒரு சுரத்துக்குக் கால் நொடி. 120 தட்டுக்குப் போனால் ஒரு நொடியின் எட்டில் ஒரு பங்கு. மெதுவாக வாசிக்கும்போது இந்த வெட்டு காதில் நன்றாகவே விழும். எனவே மூன்றையும் ஒன்றாக அமர்த்துவதைப் பயிற்சிக்கும் வேகமான இடங்களுக்கும் வைத்துக்கொண்டு, பாட்டு வாசிக்கும்போது விரல் கடைசி நொடியில் மட்டுமே கம்பியைத் தொடும்படி அந்த நேரத்தைச் சுருக்கிக்கொண்டே வர வேண்டும் என்பது என் கருத்து. சாருக்கு இதில் உடன்பாடு இல்லை. வேகம் வந்தால் எல்லாம் தானே சரியாகும் என்பார். நாங்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

சோனோமீட்டர் சோதனை செய்த நாளில் இன்னொன்றும் தெளிவாயிற்று. கம்பியை நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை மேற்சுரங்கள் எழுவதில்லை. ஓசை சற்றே உள்ளீடற்று, குழல் போல் வரும். ஓரத்தில் மீட்டினால் உயர் மேற்சுரங்கள் நிறைந்து கூர்மையாக வரும். கிட்டாரில் கம்பியின் நீளம் ஏறக்குறைய 65 செ.மீ. ஆறாம் கம்பி நொடிக்கு 82.4 அதிர்வு, முதல் கம்பி 329.6, அதாவது நான்கு மடங்கு. நீளம் எல்லாவற்றுக்கும் ஒன்றேயாதலால், வேறுபாடு முழுவதும் பருமனிலும் இழுவிசையிலும். வலக்கை நான்கு அங்குலம் இடம் பெயர்ந்தாலே கருவி குரல் மாற்றிப் பேசும். விரல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து விடுவதைக் காட்டிலும், சற்றே பலகையை நோக்கி அமுக்கி விட்டால் ஒலி கனமாக வரும். கம்பி பலகைக்குச் செங்குத்தாக அதிரும்போது பலகையை நன்றாக அசைக்கிறது. இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் பாடப்புத்தகம் படித்ததால்தான் புரிந்தது.

இனி அம்மாவின் செய்தி. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றியவள். இரண்டு ஆண்டுகளாக விரல் மூட்டுகளில் வலி. காலையில் கை மடங்குவதற்கே நேரமாகிறது. ஐந்நூறைத் தாண்டுவதில்லை. கல்லூரியிலிருந்து வந்ததும் நான் உட்கார்ந்து முந்நூறு சுற்றுவேன். இலையை நனைத்து, கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, வாயை நகத்தால் மடக்கி அடைக்கும் வேலை. எல்லாவற்றுக்கும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலுமே தலைவர்கள். முந்நூறு முடித்துவிட்டுக் கையைக் கழுவி, கிட்டாரை எடுத்தால், அந்த மூன்று விரல்களும் பிடித்த பிடியை விடமாட்டேன் என்று நிற்கும். ஒரே வலக்கையை இரண்டு முதலாளிகளுக்கு வாடகைக்கு விட்டது போன்ற நிலை.

ஒருநாள் இரவு நான் ஜூலியானியை வாசித்துக்கொண்டிருந்தபோது, எதிரே சுளகோடு இருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள்.

“ஏட்டி, கைய ஏன் இப்படி வெறப்பா வச்சிருக்க?”

“வேகமா வாசிக்கணும்லாம்மா.”

“வேகத்துக்கு யாரு இறுக்கச் சொன்னா? உருட்டுத நேரத்துக்கு மட்டும் இறுக்கு. உருட்டுனதும் விட்டுரு. இல்லன்னா நூறு சுத்துததுக்குள்ள கை கடுத்துப் போவும்லா.”

சொல்லிவிட்டு மறுபடியும் சுற்றத் தொடங்கினாள். நான் அவளுடைய கையை அன்றுதான் முறையாகக் கவனித்தேன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பீடிக்கும் இடையில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய ஓய்வு ஒன்று அந்த விரல்களில் இருந்தது. ஓய்வு பெற்ற விரல் தானாகத் திறந்துகொள்கிறது. அவள் அதைத் திறப்பதில்லை. கிட்டார் ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதையேதான். விரல் அடிமூட்டிலிருந்து உள்ளங்கையை நோக்கி அசைய வேண்டும். மீட்டிய உடனே தசையை விட்டுவிட வேண்டும். விரல் பழைய இடத்துக்குத் தானே திரும்பும். நீட்டும் தசையைக் கொண்டு அதை வலிந்து திருப்பினால், மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டும். கை கடுப்பது அதனால்தான்.

வகுப்புத் தோழி ஒருத்தியின் அலைபேசியில் மெதுவாக ஓடும் படமாக என் கையை எடுத்துப் பார்த்தோம். அப்போதுதான் சுண்டுவிரலின் சேட்டை வெளிப்பட்டது. மோதிரவிரல் மீட்டச் செல்லும் ஒவ்வொரு முறையும் சுண்டுவிரல் கம்பம் போல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நின்று, மோதிரவிரலைப் பின்னால் இழுக்கிறது. அதை அடக்க முயல்வதும் இறுக்கம்தான். மோதிரவிரலோடு சேர்ந்து அதுவும் போய்வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் ‘மி’ மற்ற மூன்று எழுத்துகளோடு சமமாக ஒலிக்கத் தொடங்கியது. 72 தட்டில் நின்ற வேகம் 96-க்கு ஏறியது. இதைப் படிக்கும் கணக்குத் துறை நண்பர்களுக்கு இது பெரிய எண்ணாகத் தோன்றாது. எனக்குப் பெரியது.

நகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கிட்டார் தெரிந்தவர்கள் கோபிப்பார்கள். இன்று பெரும்பாலானோர் வலக்கை நகத்தைச் சிறிதே வளர்த்து, மெல்லிய உப்புத்தாளால் வழவழப்பாக்கி, நகமும் சதையும் சேர்த்து மீட்டுகிறார்கள். 1893 முதல் 1987 வரை வாழ்ந்த ஆந்திரே செகோவியா இப்படித்தான் வாசித்தார். ஆனால் எனக்கு நகம் நிற்பதில்லை. பீடியின் வாயை அடைத்து அடைத்து வெடித்துவிடுகிறது. இதைச் சாரிடம் சொல்லி வருந்தியபோது அவர் சிரித்துக்கொண்டு, ஃபெர்னாண்டோ சோர் நகமின்றி வாசித்தவர், அவருடைய நண்பர் அகுவாதோ நகத்தோடு வாசித்தவர், இருவரும் சேர்ந்து வாசிக்கவே சோர் ஓர் இரட்டைக் கிட்டார் இசை எழுதினார் என்றார். எசுப்பானியத்தின் ஃபிரான்சிஸ்கோ தாரேகா (1852-1909) தம் இறுதி ஆண்டுகளில் நகத்தை வெட்டிவிட்டாராம். அவருடைய மாணவர் எமிலியோ புஹோலும் அப்படியே. ஆகவே நானும் சதையாலேயே வாசிக்கிறேன். ஓசை சற்று அடங்கித்தான் வரும். எங்கள் வீடு சிறியது, அது போதும்.

இருக்கை முறையில் மட்டும் நான் பணக்காரி. இடக்காலை உயர்த்தி வைக்க ஒரு மணை வேண்டும் என்பார்கள். அப்பா வேலை முடிந்து வரும்போது கொண்டுவந்த இரண்டு செங்கற்கள் அந்த வேலையைச் செவ்வனே செய்கின்றன.

பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தேறியவர் என்பது நாடறிந்த செய்தி. அந்தக் கல்லூரியின் படிநிலைத் தேர்வு ஒன்றை இந்த ஆண்டு நானும் எழுத வேண்டும் என்று சார் சொல்கிறார். கட்டணத்தைக் கேட்டுவிட்டு நான் மௌனமானேன். அது எத்தனை ஆயிரம் பீடி என்று கணக்கிட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதைவிட, கட்டணத்துக்காகக் கூடுதலாகச் சுற்றினால் தேர்வுக்குரிய கை இருக்காது. கையைக் காப்பாற்றச் சுற்றாமல் இருந்தால் கட்டணம் இருக்காது. அம்மாவின் மூட்டுகளுக்கு மருந்து வாங்கும் செலவும் அதே பணத்திலிருந்துதான். வீட்டில் இதைச் சொல்லாமலிருக்கவே எண்ணினேன். சார் நேரே திண்ணைக்கு வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “இதுல பாஸானா வேல கிடைக்குமா சார்?”

“கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்மா. ஆனா சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.”

அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து எனக்குரிய முந்நூறு நூற்றைம்பதாகக் குறைந்திருந்தது. மீதியைத் தானே அதிகாலையில் எழுந்து, வலிக்கிற கையோடு சுற்றி வைத்துவிடுகிறாள். வேண்டாம் என்று இரண்டு முறை சண்டையிட்டும் பயனில்லை. விண்ணப்பம் அனுப்ப இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. கட்டணத்தில் பாதி சேர்ந்திருக்கிறது. ஜூலியானியில் எழுபத்தெட்டாம் பயிற்சியில் இருக்கிறேன். காலை ஐந்து மணிக்கு அவள் இலை வெட்டும் கத்தரியின் ஓசை கேட்டால் நானும் எழுந்து செங்கற்களைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஊர் எழுவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கிறது.